வாசகர் கேள்வி–பதில்: ‘தப்பீட்டாய்’ எண்டு சொன்ன பிறகு

மே 8 உலக சூலகப் புற்றுநோய் தினம். அதையொட்டி, இளம் வயதில் இந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களிடமும் அவர்களின் வீட்டாரிடமும் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நோயைப் பற்றிக் கேட்டவை குறைவு. நோய் போன பிறகு எப்படி இருப்பது என்று கேட்டவைதான் கூட. பெண்நோயியல், புற்றுநோய்த் தாதியியல், இயன்மருத்துவம் ஆகிய துறைகளில் இருப்போர் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: வயது 26. வலது சூலகத்தில் கட்டி. ‘ஜேர்ம் செல்’ (முட்டையாகும் கலத்தில் தொடங்கும்) வகை என்றார்கள். அந்தச் சூலகத்தை எடுத்து, மூன்று சுற்று பி.இ.பி. என்ற கீமோ மருந்து ஏற்றினார்கள். முடிந்து ஏழு மாதம். ரிப்போட் எல்லாம் நல்லம். சனமெல்லாம் ‘தப்பீட்டாய், இனிச் சந்தோசமா இரு’ எண்டு சொல்லுது. எனக்கு ஒரு சந்தோசமும் வரேல்லை. காலமை பத்து மணிக்கே படுக்கவேணும் போல கிடக்கு. அம்மா அதைப் பஞ்சி எண்டுறா. கிளினிக்குக்கு ஒரு கிழமை முன்னமே நித்திரை போயிடும். நான் நன்றி கெட்டவளா?
— கொக்குவில்

பதில்: இல்லை, தங்கச்சி. உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது: களைப்பு, பயம், துக்கம். மூன்றுக்கும் சேர்த்து ‘சந்தோசம் இல்லை’ என்று ஒரே பெயரை வைத்ததால்தான் எந்த நுனியைப் பிடிப்பது என்று தெரியாமல் இருக்கிறது.

களைப்பை முதலில் எடுப்போம். பஞ்சி பிடித்த ஆள் ஒரு நித்திரை கொண்டு எழும்பினால் சரி. கீமோவுக்குப் பிறகு வரும் களைப்பு எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டாலும் அப்படியே இருக்கும். மருந்து முடிந்து பல மாதம், சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலும் இழுக்கும். இந்தப் பந்தியை அம்மாவிடம் வாசிக்கக் கொடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் கீமோவின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. அடுத்த கிளினிக்கில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைரொயிட், கிரியாட்டினின், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் பார்க்கலாமா என்று கேளுங்கள். உங்களுக்கு ஏற்றிய மூன்று மருந்துகளில் ஒன்று சிஸ்பிளாட்டின். அது சிறுநீரகத்தின் வழியே மக்னீசியத்தைக் கசியவிடும். மக்னீசியம் குறைந்தால் களைப்போடு கெண்டைக்கால் பிடிப்பும் கை நடுக்கமும் வரும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

இரத்தம் சரி என்றால் மருந்து நடைதான். களைத்துப்போய்க் கிடப்பவளை நடக்கச் சொல்வது பகிடி மாதிரி இருக்கும். ஆனால் இந்த வகைக் களைப்புக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சி நன்றாக வேலை செய்வது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். முதல் கிழமை காலை ஆறு மணிக்கு 10 நிமிடம், ஐந்து நாள். கிழமைக்கு 5 நிமிடமாகக் கூட்டுங்கள். ஐந்தாம் கிழமை 30 நிமிடத்தில் வந்து நிற்பீர்கள். வேகம், கதைக்கலாம் ஆனால் பாட முடியாது என்ற அளவு. பகல் நித்திரை 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் பின்னேரம் மூன்று மணிக்கு முன். எல்லாரும் விடும் பிழை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் உடம்பு லேசாக இருந்தால் அன்றைக்கே வீடு கூட்டி, உடுப்புத் தோய்த்து, டவுனுக்கும் போய்வருவது. அடுத்த இரண்டு நாளும் பாயில் கிடப்பது. நல்ல நாளில் கொஞ்சம் குறைத்தும் கெட்ட நாளில் கொஞ்சமாவதும் செய்யுங்கள். இரண்டு நாளின் அளவும் கிட்டக்கிட்ட இருக்கவேண்டும்.

அடுத்தது பயம். ஜேர்ம் செல் கட்டி திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருசத்துக்குள் திரும்பும். அதனால்தான் இந்தக் காலத்தில் கிளினிக்கை நெருக்கி வைக்கிறார்கள். அடிக்கடி கூப்பிடுவது உங்களில் சந்தேகம் வந்து அல்ல. எல்லாருக்கும் அட்டவணை அப்படித்தான். இரத்தம் எந்த நாள் எடுப்பார்கள், முடிவு எந்த நாள் கைக்கு வரும் என்று முன்கூட்டியே கேட்டுக் கலண்டரில் குறியுங்கள். எத்தனை நாள் காத்திருக்கவேண்டும் என்று தெரியாத காத்திருப்புத்தான் மோசம். பயத்துக்கென்று ஒரு நேரம் வையுங்கள்: பின்னேரம் ஐந்து மணி முதல் 20 நிமிடம், ஒரு கொப்பியில் வந்ததையெல்லாம் எழுதுவது. இரவு இரண்டு மணிக்குப் பயம் வந்தால் ‘நாளைக்கு ஐந்து மணிக்கு வா’ என்று அதற்குச் சொல்லலாம். முதல் கிழமை கேட்காது. இரண்டாம் மூன்றாம் கிழமையில் கேட்கத் தொடங்கும். அந்தக் கொப்பியிலிருந்து மூன்று கேள்வியை மட்டும் பொறுக்கி டொக்டரிடம் கொண்டுபோங்கள். பத்துக் கேள்வியோடு போனால் முக்கியமான ஒன்பதாவதுக்கு நேரம் இருக்காது.

துக்கத்தைத்தான் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு உறுப்பு, ஒரு வருசம், தலைமுடி, ‘என் உடம்பு என்னை ஏமாற்றாது’ என்ற நம்பிக்கை எல்லாம் போயிருக்கிறது. ‘தப்பீட்டாய்’ என்ற சொல் நல்ல மனதோடு வருவதுதான், ஆனால் அது வாயை அடைத்துவிடுகிறது. பதிலுக்கு ஒரு வசனம் தயாராக வைத்திருங்கள்: ‘ஓம் அன்ரி, ஆனா இன்னும் முழுசாத் தேறேல்லை.’ விளக்கம் தேவையில்லை.

இனிச் சந்தோசம். அது வந்த பிறகு வெளிக்கிடுவோம் என்று இருந்தால் வெளிக்கிடவே மாட்டீர்கள். முதலில் கால் போகவேண்டும், மனம் பின்னால் வரும். கிழமைக்கு மூன்று தரம், 20 நிமிடம், நாளும் நேரமும் குறித்து ஒரு விஷயம் செய்யுங்கள். செய்து முடித்தால் கண்ணுக்குத் தெரிகிற வேலை ஒன்றாவது இருக்கட்டும்: கத்தரி நாற்று நடுவது, ஒரு சட்டைக்கு ஓரம் அடிப்பது. இன்னோர் ஆளோடு செய்வது ஒன்றாவது இருக்கட்டும்: பின்னேரம் பண்ணைக் கடற்கரைக் காற்று, பொது நூலகத்தில் ஒரு மணித்தியாலம். போக முன் ‘இது எனக்கு 10 இல் எத்தனை பிடிக்கும்’ என்று ஒரு இலக்கம் எழுதுங்கள், வந்த பிறகு உண்மையில் எத்தனை என்று எழுதுங்கள். போக முன் 2 என்று எழுதியவர்கள் வந்து 5 என்று எழுதுவது சாதாரணம். மனம் முன்கூட்டிச் சொல்லும் இலக்கத்தை நம்பக்கூடாது என்பதற்கு அந்தத் தாளைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டு கிழமைக்கு மேல், நாளின் பெரும்பகுதி, ஒன்றிலும் நாட்டமில்லாமல் சாப்பாடும் நித்திரையும் குழம்பிக் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு, உளநலப் பிரிவுக்குக் கடிதம் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். சாகவேண்டும் போல எண்ணம் வந்தால் கிளினிக் நாள் வரை பொறுக்கவேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

கேள்வி: என் சிநேகிதி கீமோ முடிச்சு வீட்டிலை இருக்கிறாள். என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல் நான் போறதையே குறைச்சிட்டன்.
— திருநெல்வேலி

பதில்: ‘ஏதும் வேணுமெண்டால் சொல்லு’ என்று சொல்லாதீர்கள், ஒருவரும் சொல்லமாட்டார்கள். ‘வியாழக்கிழமை கிளினிக்குக்கு என்ரை ஸ்கூட்டியிலை ஏத்திக்கொண்டு போறன், ஏழு மணிக்கு வாறன்’ என்று சொல்லுங்கள். நோயைப் பற்றி அவள் தொடங்கினால் கேளுங்கள், தொடங்காவிட்டால் வேலையிடத்து வம்பைக் கதையுங்கள். ‘நீ தைரியசாலி’ என்று அடிக்கடி சொன்னால் உங்களுக்கு முன்னால் அழக்கூட முடியாமல் போய்விடும். அவளுக்குத் தடிமன், காய்ச்சல் ஒட்டக்கூடாது. உங்களுக்குத் தும்மல் இருந்தால் அன்றைக்குப் போகவேண்டாம்.

கேள்வி: மகளுக்கு 22. தொப்புளுக்கு மேலாலை இருந்து அடிவயிறு வரை வெட்டி ஒபரேசன் செய்து 19 நாள். அடுத்த கிழமை கீமோ தொடங்குது. எங்கடை வீட்டிலை கிணறுதான். தண்ணி அள்ளலாமோ? சரக்குக் கறி குடுக்கலாமோ? முள்ளுச்சீத்தா இலை அவிச்சுக் குடுக்கச் சொல்லீனம்.
— அச்சுவேலி

பதில்: அம்மா, வாளிக் கயிற்றைத் தொட விடவேண்டாம். ஒரு வாளி 10 லீற்றர் என்றால் 10 கிலோ. ஒபரேசனுக்குப் பிறகு ஆறு கிழமைக்குச் சுமார் 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. கப்பியோ துலாவோ, இழுப்பது கை என்று நினைக்கிறோம். உண்மையில் இறுகி நிற்பது வயிற்றுச் சுவர். வெளித்தோல் பத்துப் பன்னிரண்டு நாளில் மூடிவிடும். அதைப் பார்த்துத்தான் ‘காயம் ஆறீட்டுது’ என்று ஏமாறுகிறோம். உள்ளே தசையை மூடித் தைத்த உறை பலம் பெற மாதக்கணக்கு எடுக்கும். அதற்குள் பாரம் இழுத்தால் தையல் வழியே குடல் பிதுங்கும். அதுதான் ஹேர்னியா, மறுபடி ஒபரேசன். ஆகவே ஒருவர் அள்ளித் தொட்டியை நிரப்பி வையுங்கள். மகள் கதிரையில் இருந்து சின்னக் கோப்பையால் குளிக்கட்டும். ஆறு கிழமைக்குப் பிறகு அரை வாளியில் தொடங்கலாம், முழு வாளி மூன்று மாதத்துக்குப் பிறகு. திருவலையில் குந்தித் தேங்காய் துருவுவதும், அம்மி அரைப்பதும், குனிந்து வளவு கூட்டுவதும் இதே கணக்கில் சேரும். சைக்கிளும் ஆறு கிழமைக்குப் பிறகு.

தரையில் பாயில் படுக்கவிடாமல் முழங்கால் உயரக் கட்டிலில் படுக்கவிடுங்கள். எழும்பும்போது நேரே நிமிரக்கூடாது. முதலில் பக்கவாட்டில் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையால் ஊன்றி எழும்பவேண்டும். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையைக் காயத்தின் மேல் அமர்த்திப் பிடிக்கட்டும். இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி கொடுத்திருந்தால் அது வழமையாக 28 நாளுக்கு. ‘இப்ப நல்லாத்தானே நடக்கிறாள்’ என்று இடையில் நிறுத்தவேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அன்றைக்கே காட்டவேண்டும்.

சரக்குக் கறி கொடுங்கள். மல்லி, சீரகம், மிளகு, உள்ளி, இஞ்சி, மஞ்சள் கறியில் போடும் அளவில் ஒன்றும் செய்யாது. கீமோ ஏற்றி வாய் புண்ணாகும் நாட்களில் மிளகை விட்டுவிடுங்கள். ஒடியற் கூழின் உறைப்பும் அந்த நேரம் தாங்காது. எங்களுடைய கவலை சரக்கில் அல்ல, பத்தியத்தில். ‘அது கிரந்தி, இது சூடு’ என்று மீனையும் முட்டையையும் நிறுத்தினால் காயம் ஆறாது. உடல் நிறை கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு கப் அவித்த பயறில் 14 கிராம் என்று கூட்டிப் பாருங்கள். எல்லாம் நன்றாக வெந்ததாக இருக்கட்டும். குடிக்கும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள்.

முள்ளுச்சீத்தா இலை வேண்டாம். அதில் இருக்கும் அனோனாசின் என்ற பொருள் நரம்புக் கலங்களைக் கெடுக்கக்கூடியது. கீமோ மருந்துகளில் பல ஏற்கனவே நரம்பைத் தாக்கும். எரிகிற வீட்டில் இன்னொரு கொள்ளியை ஏன் செருகவேண்டும்? மஞ்சளும் கறியோடு நிற்கட்டும், மஞ்சள் குளிசை வேண்டாம்.

இரண்டு விஷயத்தைக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒன்று: கீமோ தொடங்கிய பிறகு உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட் தொட்டால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்கக்கூடாது. மருந்து ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளைக்கலங்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்தக் காய்ச்சல் சில மணித்தியாலத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். எந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாலும் முதல் வசனமாகக் ‘கீமோ ஏத்திற பிள்ளை’ என்று சொல்லுங்கள். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் சேர்த்த நிதியில் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பும் முன், எங்கள் ஆட்களில் பலருக்குக் கொழும்புக்குக் கிட்ட மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவதுதான் கதி. இன்றைக்குத் தூரம் ஒரு சாட்டு இல்லை. இரண்டாவது: வயிறு ஊதி, விட்டுவிட்டு முறுக்கி, சத்தியும் வந்து, காற்றும் போகாமல் நின்றால் அது குடல் அடைப்பு. கசாயம் காய்ச்சிக்கொண்டு நிற்கவேண்டாம்.

கேள்வி: எனக்கு 29. ஆறு சுற்று கார்போபிளாட்டினும் பாக்லிடாக்செலும் ஏற்றி நான்கு மாதம். உள்ளங்கால் பஞ்சில நடக்கிற மாதிரி, விரல் நுனி விறைப்பு. நல்லூர்த் தேருக்குப் போய் அடியழிக்கிறதெண்டு (அடிக்கடி விழுந்து கும்பிட்டு வீதி சுற்றுறது) நேத்தி வைச்சிருக்கிறன்.
— இணுவில்

பதில்: பாக்லிடாக்செல் நரம்பின் நீளமான நார்களை முதலில் பிடிக்கும். உடம்பில் மிக நீளமான நரம்பு காலுக்குப் போவது. அதனால் விறைப்பு பாதத்தில் தொடங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப்போகக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சி நிற்கும்.

தேருக்குப் போங்கள். ஆனால் விறைத்த கால் வெளிவீதி மணலின் சூட்டைச் சொல்லாது. மற்றவர் துள்ளி விலகும் சூட்டில் நீங்கள் நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். விடிய வெள்ளெனப் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். மணல் சுடுகிறதா என்று பாதத்தால் பார்க்கவேண்டாம், குனிந்து முழங்கைக்குக் கிட்ட உள்ள தோலால் தொட்டுப் பாருங்கள். குளிக்கிற சுடுதண்ணீருக்கும் அதே முறை. பக்கத்தில் ஒருவரின் கையைப் பிடித்து நில்லுங்கள். நெரிசலில் விறைத்த கால் தடுமாறும். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவித் துடைத்து, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்கால் முழுவதையும் பாருங்கள். இதை 25 நாள் திருவிழாவுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு இரவும் செய்யுங்கள்.

அடியழிப்பதை இந்த வருசம் ஒத்திவையுங்கள். வெட்டிய வயிறு, விறைத்த கால், சூட்டு மணல் மூன்றும் ஒன்றாகச் சேரக்கூடாது. முருகன் தவணை கொடுப்பார்.

வீட்டில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம். குதிக்குப் பின்னால் பட்டி உள்ள செருப்பு நல்லம், கழன்று விழாது. கை விரலுக்குத் தினமும் பத்து நிமிடம் அரிசியில் கலந்த பயறைப் பொறுக்குவது நல்ல பயிற்சி. எரிவும் வலியும் இருந்தால் டுலோக்செட்டின் என்ற மாத்திரை உதவும். வெறும் விறைப்புக்கு அது அவ்வளவு உதவாது. பார்மசியில் ‘நரம்புக்கு விற்றமின்’ என்று தாங்களாக வாங்கி விழுங்கவேண்டாம். பி6 அளவு கூடினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

கேள்வி: சி.ஏ-125 (நோய் திரும்புதோ எண்டு பார்க்கிற இரத்தப் பரிசோதனை) போன முறை 11, இந்த முறை 19. அம்மா அழுகிறா.
— சுன்னாகம்

பதில்: 35 க்குக் கீழே இருக்கும்வரை இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரும்பாலும் அர்த்தமில்லை. மாதவிடாய், கிருமித்தொற்று, வேறு ஆய்வுகூடம், எதுவும் மாற்றும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுகூடத்தில், மாதவிடாய் இல்லாத நாளில் கொடுங்கள். ஒரு முறைக் கணக்கை விட அடுத்தடுத்து ஏறுகிறதா என்பதே முக்கியம். 2010 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், அறிகுறி இல்லாமல் இந்த இலக்கம் ஏறிய உடனே கீமோ தொடங்கியவர்கள், அறிகுறி வரும்வரை பொறுத்துத் தொடங்கியவர்களைவிடக் கூடக்காலம் வாழவில்லை. அம்மாவின் கண்ணீருக்கு 19 என்ற இலக்கம் பெறுமதி இல்லை.

கேள்வி: நாங்கள் இரண்டு வருசமா விரும்புறம். அவவுக்கு 25. இடது சூலகம் எடுத்து, கீமோ முடிஞ்சு ஒரு வருசம். ‘டிஸ்ஜேர்மினோமா’. எல்லாத்தையும் அவவே எனக்குச் சொன்னவ. என்ரை அம்மா கேக்கிறா: பிள்ளை பிறக்குமோ, பிறந்தால் அதுக்கும் வருமோ?
— சாவகச்சேரி

பதில்: தம்பி, இரண்டு கேள்விக்கும் பதில் அம்மா பயப்படுவதைவிட நல்லது. டிஸ்ஜேர்மினோமா இளம் பெண்களுக்கு வரும் ஒரு ஜேர்ம் செல் வகை, கீமோவுக்கு மிக நன்றாக அடங்குவது. கருப்பையும் ஒரு சூலகமும் மிஞ்சியிருந்தால் கருத்தரிக்கலாம். மிஞ்சிய சூலகமே மாதாமாதம் முட்டை விடும். கீமோ நேரத்தில் நின்ற மாதவிடாய் பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பும். அவருக்கு அது ஒழுங்காக வருகிறதா என்பதே முதல் அடையாளம். ஏ.எம்.எச் என்ற இரத்தப் பரிசோதனை, மிஞ்சிய முட்டைகளின் இருப்பைக் காட்டும். ஆனால் அந்த இலக்கம் குறைவாக இருந்தாலும் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். இலக்கத்தைப் பார்த்துக் கலியாணத்தை முடிவு செய்யாதீர்கள். பொதுவாக, கீமோ முடிந்து ஒன்று முதல் இரண்டு வருசம் பொறுக்கச் சொல்வார்கள். அதற்கு இரண்டு காரணம்: மருந்து பட்ட முட்டைகள் கழியவேண்டும், நோய் திரும்பக்கூடிய காலம் தாண்டவேண்டும். அதுவரை கருத்தடை தேவை. கலியாணத்துக்கு அந்தக் காத்திருப்புத் தேவையில்லை. முயன்றும் தங்காவிட்டால், மற்றவர்களைப் போல வருசக்கணக்கில் கோயில் சுற்றாமல், ஆறு மாதத்திலேயே கருவள வைத்தியரைப் பார்ப்பது நல்லது.

பிள்ளைக்கு வருமோ என்றால், ஜேர்ம் செல் கட்டிகள் பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை. கீமோ முடித்துக் காலம் விட்டுப் பெற்ற பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை கூடுவதாகவும் காணப்படவில்லை.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை: குறிப்புப் பார்ப்பதற்கு முன் பெண்ணே வாய்திறந்து தன் நோயைச் சொல்லியிருக்கிறா. எத்தனை மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பிள்ளையின் சீனி வருத்தத்தைச் சொல்கிறார்கள்?

கேள்வி: வயது 33, ஒரு பிள்ளை. இரண்டு சூலகமும் கருப்பையும் எடுத்தாச்சு. இரவிலை உடம்பு தீயாய் எரிஞ்சு வேர்க்குது. அவரோடை சேர்ந்திருக்க நோகுது. இதை ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை.
— கரவெட்டி

பதில்: கேட்கவேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சூலகம் இரண்டும் போனால், ஐம்பது வயதில் மெதுவாக வரவேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஒரே இரவில் வந்து விழும். எரிவும் வறட்சியும் அதனால்தான். கண்ணுக்குத் தெரியாத மற்ற நட்டம் எலும்பும் இதயமும். அதனால் இளம் வயதினருக்கு, சுமார் 50 வயது வரை ஈஸ்ட்ரஜன் ஓமோன் கொடுக்கலாமா என்பது கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. கருப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரஜன் மட்டும் போதும். ஆனால் எந்த வகைக் கட்டி என்பதில்தான் பதில் இருக்கிறது. கிரானுலோசா கட்டிக்கும் லோ கிரேட் சீரஸ் வகைக்கும் வழமையாகக் கொடுப்பதில்லை. என்டோமெட்ரியொயிட் வகைக்கு மிக யோசித்துத்தான். உங்கள் பயொப்சி ரிப்போட்டில் உள்ள பெயரைக் காட்டிக் கேளுங்கள். காலில் இரத்தம் கட்டிய வரலாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓமோன் கொடுக்க முடியாதென்றால் எரிவைக் குறைக்க வென்லாஃபக்சின், கபபென்டின் போன்ற வேறு மாத்திரைகள் உண்டு.

நோவுக்கு இரண்டு தனித்தனிப் பொருள் தேவை, பலர் ஒன்றோடு நிற்கிறார்கள். யோனி ஈரலிப்பு ஜெல் கிழமைக்கு இரண்டு மூன்று தரம், உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வழுக்கல் ஜெல் உறவு நேரத்தில், இருவருக்கும் தாராளமாக. வாசனைச் சவர்க்காரத்தால் உள்ளே கழுவுவதை விடுங்கள். அது வறட்சியை இன்னும் கூட்டும். அவருக்கும் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். நோகும் என்ற பயத்தில் உடம்பு தானாக இறுகும், இறுகினால் இன்னும் நோகும். ஆகவே சில கிழமைக்கு அணைப்பும் கதையும் மட்டும் என்று இருவரும் பேசி வைப்பது உதவும்.

எலும்புக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கல்சியம். 100 கிராம் குரக்கன் மாவில் சுமார் 350, ஒரு தம்ளர் பாலில் சுமார் 240. முள்ளோடு தின்னும் நெத்தலியும், எள்ளும், முருங்கையிலையும் மிச்சத்தை நிரப்பும். புட்டுக்குக் கோதுமை மாவில் பாதியைக் குரக்கனாக மாற்றினாலே பெரிய வித்தியாசம். விற்றமின் டி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நடை, படி ஏறுவது போன்ற, எலும்பில் பாரம் விழும் பயிற்சி வேண்டும். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கானுக்குக் கடிதம் கேளுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு 34 வயதில் ‘ஹை கிரேட் சீரஸ்’ சூலகப் புற்றுநோய். எனக்கும் வருமா?
— மானிப்பாய்

பதில்: இந்த வகையில் பரம்பரைக் காரணம் இருக்கலாம். பி.ஆர்.சி.ஏ 1, பி.ஆர்.சி.ஏ 2 என்ற மரபணுக்களில் பிழை இருக்கிறதா என்று முதலில் அக்காவில் பார்க்கவேண்டும், உங்களில் அல்ல. அவரில் பிழை இருந்தால் உங்களுக்கு அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ‘அம்மா வழியில ஒருத்தருக்கும் இல்லை’ என்பது போதாது, அப்பா வழியாகவும் வரும். சாதாரணமாக நூறு பெண்களில் ஒன்று இரண்டு பேருக்கு வரும் நோய், பி.ஆர்.சி.ஏ 1 பிழை உள்ள நூறு பேரில் நாற்பது பேரளவில் வரும். அப்படியானவர்கள் பிள்ளை பெற்று முடித்து, 35–40 வயதில் சூலகத்தையும் குழாயையும் எடுத்துவிடுவது வழக்கம். வருசா வருசம் ஸ்கான் எடுத்தால் முன்கூட்டிப் பிடிக்கலாம் என்று நம்பி இருக்கவேண்டாம். இந்த நோயில் அது நிரூபிக்கப்படவில்லை.

கேள்வி: முடி எப்ப வரும்? முந்தி மாதிரி வருமோ?
— பருத்தித்துறை

பதில்: மருந்து முடிந்து நான்கு முதல் எட்டுக் கிழமையில் பூனைமயிர், பிறகு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளரும். முதலில் சுருளாக வரலாம், அது பெரும்பாலும் மாறும். ஆறு மாதம் சாயமும் நேராக்கும் மருந்தும் வேண்டாம். ‘சந்நிதியிலை மொட்டையோ’ என்று பஸ்ஸில் கேட்பவர்களுக்கு ‘ஓம்’ என்று சொல்லிவிடலாம், பாவமில்லை.

கேள்வி: பி.இ.பி. ஏற்றி முடிந்து மூன்று வருசம். இப்ப பித்தப்பைக் கல்லுக்கு ஒபரேசன். பழைய வருத்தத்தைச் சொல்லத்தான் வேணுமோ?
— வட்டுக்கோட்டை

பதில்: கட்டாயம். பி.இ.பி. யில் முதல் ‘பி’ என்பது பிளியோமைசின். அது நுரையீரலில் தழும்பு விடலாம். அது ஏற்றியவருக்கு மயக்க மருந்து நேரத்தில் அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசன் கொடுத்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம். மயக்க மருந்து வைத்தியர் முன்கூட்டி அறிந்தால் ஒட்சிசனைத் தேவையான அளவோடு நிறுத்துவார். அறியாவிட்டால் வழமைபோலக் கொடுப்பார். மூன்று வருசமல்ல, பத்து வருசம் போனாலும் சொல்லவேண்டும். மூச்சு வாங்குதல், வரட்டிருமல் இருந்தால் ஒபரேசனுக்கு முன் நுரையீரல் பரிசோதனையும் செய்வார்கள்.

ஒரு சின்ன மட்டையில் இப்படி எழுதி, லமினேட் செய்து, அடையாள அட்டைக்குப் பின்னால் வையுங்கள்: கட்டியின் வகை, எடுத்த உறுப்பு, ஏற்றிய மருந்துகளின் பெயர், எத்தனை சுற்று, கடைசிச் சுற்று எந்த மாதம், ‘பிளியோமைசின் ஏற்றப்பட்டது, மயக்க மருந்து வைத்தியருக்கு அறிவிக்கவும்’, கிளினிக் இலக்கம், வீட்டு ஆளின் ஃபோன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், கொழும்பில் மயங்கி விழுந்தாலும் வாசிக்கவேண்டுமே. ஆங்கிலத்தில் எழுத வராவிட்டால் டயக்னோசிஸ் காட்டில் உள்ளதைப் பார்த்து எழுதித் தரும்படி கிளினிக் தாதியிடம் கேளுங்கள்.